உயில் பதியும்போது ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜனவரி 12 வந்தால் அயலகத் தமிழர் தினம் என்று மேடை போடுகிறார்கள். சொந்த ஊரில் முதலீடு செய்யுங்கள் என்றும் அழைக்கிறார்கள். அழைக்கட்டும். அப்படி இங்கே வீடு கட்டிப் போட்டவர் காலமான பிறகு பிள்ளைகள் படும் பாட்டை எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நான் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர். சிங்கப்பூர்ப் பணம் வராத தெரு எங்கள் பக்கம் குறைவு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பனார் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர். சுயசம்பாத்தியத்தில் கட்டிய ஊர் வீட்டை, தன்னைப் பார்த்துக்கொண்ட இளைய மகளுக்கு உயில் எழுதி, இங்கே பதிவும் செய்தார். சில வருடம் கழித்து அங்குள்ள வங்கிப் பணத்துக்காக அங்கே ஒரு வக்கீலிடம் இன்னொரு உயில். அதன் தொடக்கத்திலேயே, 'இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்று இருந்தது. வழக்கமாகப் போடும் வாசகம்தான். 'சிங்கப்பூரிலுள்ள சொத்தைப் பொறுத்த மட்டில்' என்று சேர்த்திருந்தால் தப்பித்திருக்கலாம். இப்போது மற்ற பிள்ளைகள், ஊர் உயிலும் செத்துவிட்டது, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் எங்கள் எல்லோருக்கும் சமபங்கு என்கிறார்கள். வீடு கோர்ட்டில் நிற்கிறது.

பதிவு செய்த உயிலை யாரும் அசைக்க முடியாது என்று நம்புகிறவர்களே அதிகம். உண்மையில் உயிலுக்குப் பதிவு கட்டாயமே இல்லை. பின்னால் எழுதிய பதியாத உயில்கூட முன்னால் பதிந்ததை ரத்து செய்துவிடும். நான் போய்வந்த சார்பதிவாளர் அலுவலகங்களின் சுவரில் கட்டண விவரம் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. சிங்கப்பூர் மத்திய சேம நிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது, அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது.

பட்டா மாற்றம் அடுத்த தலைவலி. சிங்கப்பூர் நீதிமன்றம் உறுதி செய்த உயிலோடு போன ஒருவரிடம் 'வெளிநாட்டு உயில் இங்கே செல்லாது' என்று ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இது தவறு. வெளிநாட்டு நீதிமன்றத்தில் மெய்ப்பித்த உயிலின் முறையான சான்று நகலை வைத்து, இங்குள்ள நீதிமன்றத்தில் சொத்தை நிர்வகிக்கும் உத்தரவு வாங்க 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 228ஆம் பிரிவு வழி செய்கிறது. 'கோர்ட்டுக்குப் போய் அந்த உத்தரவை வாங்கி வாருங்கள்' என்று சொல்லியிருந்தால் அவருக்கு விமானக் கட்டணமாவது மிஞ்சியிருக்கும்.

புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. உயில் பதிய வருபவரிடம், 'வெளிநாட்டில் சொத்து உண்டா, அங்கே உயில் எழுதியிருக்கிறீர்களா, எழுதப் போகிறீர்களா?' என்று சார்பதிவாளர் கேட்கட்டும். ஆம் என்றால், ரத்து வாசகத்தைப் பற்றித் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுக்கட்டும். 228ஆம் பிரிவைச் சொல்லி வருவாய்த் துறை எல்லா வட்டாட்சியர்களுக்கும் எழுத்தில் சுற்றறிக்கை அனுப்பட்டும். பதிவுத் துறையும் அயலகத் தமிழர் நலத் துறையும் இதற்கு உங்கள் இதழ் மூலமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
தஞ்சாவூர் மாவட்டம்.