வன்னிக்குச் சான்று நிற்போம்

முள்ளுடைய மரம் யாவும் பகை மரம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. இதற்குக் காரணம் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம் நம் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் வளைத்துக்கொண்டது உண்மையே. அதனை அகற்றுமாறு 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதையும் நாம் அறிவோம். ஆயினும், களையோடு பயிரையும் பறிப்பதுபோல், அதன் உறவாகிய நம் வன்னியை வெட்டிச் சாய்த்தல் தகாது.

இரண்டையும் பிரித்தறிதல் அரிதன்று. சீமைக் கருவேலத்தின் நீண்ட முட்கள் பெரும்பாலும் கணுக்களில் இணையாக நிற்கும். வன்னியின் முட்களோ சிறியவை. கணுக்களுக்கு இடையே ஆங்காங்கே அமைந்திருக்கும்.

வன்னி வறண்ட நிலத்தின் செல்வம். ஆணிவேரை ஆழச் செலுத்தி நீர் தேடுவது. இராஜஸ்தான் உழவர் இதனை வயல் நடுவே விட்டுவைத்து, இதனடியில் கம்பு விளைவிப்பர். தழை கால்நடைக்குத் தீவனம். இளங்காய் மக்களுக்குக் கறி. 1730இல் ஜோத்பூரை அடுத்த கேஜர்லியில் இம்மரங்களைக் காக்க பிஷ்ணோய் மக்கள் 363 பேர் உயிர் துறந்தனர். இதனையே 'காஃப்' என வழங்கும் ஐக்கிய அரபு அமீரகம், 2008இல் தன் தேசிய மரமாக அறிவித்தது. பொருள் தேடி அங்குச் சென்ற நம்மூர் இளைஞர் அம்மர நிழலில் இளைப்பாறுகின்றனர். அது தம் ஊர் மரமும் ஆகும் என்பதை அவருள் எத்துணைப் பேர் அறிவர்?

தமிழ் மண்ணில் வன்னி புதியதன்று. விருத்தாசலத்தின் தலமரம் இதுவே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து இறுதித் திருவிளையாடலில், ஒரு பெண்ணின் மணத்திற்குச் சான்றாக வன்னி மதுரைக்கு வருகிறது. அன்று பிறருக்குச் சான்று நின்ற மரத்திற்கு இன்று நாமன்றோ சான்று நிற்றல் வேண்டும்?

வன்னி மெல்ல வளரும், முள் குத்தும் என்பர் சிலர். மறுப்பதற்கில்லை. குல்மோகரும் தூங்குமூஞ்சியும் விரைந்து நிழல் தரும் என்பதும் மெய்யே. ஆனால், கோடைதோறும் குடிநீருக்கு அலையும் ஊர்களுக்கு, வேரூன்றியபின் நீர் கேளாது நிற்கும் மரமே ஏற்றது. நடைபாதையையும் விளையாட்டிடத்தையும் விலக்கி, வேலியோரத்தில் நட்டால் முள்ளால் தொல்லையில்லை. விதையை ஊறவைத்து, ஆழமான பையில் முளைக்கச் செய்து, வேர் சுருளுமுன் நிலத்தில் நடுதல் நலம். தொடக்க ஆண்டுகளில் சிறிது நீரும், ஆடு மேயாதிருக்க அடைப்பும் தேவை.

கல்லூரிதோறும் இரண்டு வன்னிகளேனும் நட்டு, தமிழ்ப்பெயர் பொறித்த பலகையும் வைப்போமாக. பெயரறிந்த மரத்தை வெட்ட, ஓங்கிய கை சற்றேனும் தயங்கும்.