வெயிலில் காய்ந்த பற்றரி



போன மாதம் சம்பூர்ப் பக்கம் ஓர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் மிளகாய் காயப்போட்ட பாயின் மூலையில் இரண்டு நீல நிறப் பற்றரிகள் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன், கையில் வைத்திருக்க முடியாத சூடு.

"என்னக்கா இது?"

"மகன்ர தலை லைற்றுக்குப் போடுறது பிள்ளை. சார்ஜ் நிக்குதில்ல. வெயில்ல வச்சா கொஞ்சம் ஏறுந்தானே."

துணியால் பிடித்து இரண்டையும் சுவரோரம் நிழலில், தனியாக வைத்தேன். அக்காவுக்குக் கோபம். ஆனால் அவர் செய்ததில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. எங்களில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எவருக்கும் அது விளங்கும்.

1990 இல் வடக்கில் தொடங்கிய பொருளாதாரத் தடை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் மாவட்டத்திலும் 'விடுவிக்கப்படாத பகுதி' என்று சொல்லப்பட்ட ஊர்களுக்குச் சோதனைச் சாவடி தாண்டிப் பற்றரி போகாது. செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். ஜாம் போத்தலில் திரி போட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் படிப்பித்தோம். கிடைத்த ரோச் பற்றரியை வெயிலில் வைத்தோம், பல்லால் கடித்து நெளித்தோம், அடியில் துளையிட்டு உப்புத்தண்ணீர் விட்டோம். 2002 சனவரியில் தடை தளர்ந்த பிறகும் கைப்பழக்கம் போகவில்லை.

அந்தப் பழைய பற்றரி நாகக் கோதும் கரித்தண்டும் உள்ளது. சூடு பட்டால் உள்ளே இரசாயன வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும், ஒரு மணித்தியாலம் கூடுதலாக எரியும். கெட்டுப்போனால் ஒழுகி ரோச்சைத் துரு பிடிக்க வைக்கும். அதோடு சரி.

இப்போது தலை லைற், கைவிசிறி, சோலர் விளக்கு இவற்றில் பெரும்பாலும் வருவது லிதியம் பற்றரி. 1991 இல் யப்பானின் சோனி கம்பனி முதன்முதலில் விற்பனைக்கு விட்ட வகை. நாம் அதிகம் காண்பது 18 மில்லிமீற்றர் தடிப்பும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ளது. அதனால் 18650 என்று பெயர். உள்ளே இரண்டு உலோகத் தகடுகளைப் பாய் சுற்றுவது போலச் சுற்றி, நடுவில் தலைமயிரை விட மெல்லிய பிளாஸ்ரிக் திரை வைத்திருக்கிறார்கள். ஊறியிருக்கும் திரவமோ பெற்றோல் போலத் தீப்பற்றக் கூடியது. நெளித்தால் திரை கிழியும், தகடுகள் முட்டும். அளவு மீறிச் சூடேறினால் அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, சில விநாடிகளில் சீறி எரியும். ஆகவே கடிப்பது, துளைப்பது, வெயிலில் வைப்பது மூன்றும் இதற்கு ஆகாது. பல மாதம் முற்றாக இறங்கிக் கிடந்ததை எழுப்பிப் பார்ப்பதும் ஆகாது. உள்ளே செம்பு கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கும்.

அந்த அக்காவின் மகன் கொட்டியாரக்குடாவில் இரவு வலை போடுபவர். முந்திய கிழமை நடுச்சாமத்தில் லைற் அணைந்து, இன்னொரு இயந்திரப் படகு உரசுமாப்போல் போயிருக்கிறது. கூவித்தான் தப்பினாராம். பற்றரியின் உறையில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்திருந்தது. நல்ல கம்பனியின் 18650 பற்றரியே பெரும்பாலும் 3500 ஐத் தாண்டாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது நானும் இப்படி ஒன்றை நம்பி வாங்கி ஏமாந்தவள்தான்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போனேன். நகை செய்பவரின் தராசில் முதலில் நிறுத்தோம். உண்மையான பற்றரி ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். இது 31. "பவுன் எண்டா பொலிசுக்குப் போகலாம்" என்றார் தட்டார்.

பிறகு வானொலி திருத்தும் தம்பி ஒருவர் மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தார். முழுச் சார்ஜில் 4.2 வோல்ற் காட்ட வேண்டும், காட்டியது. இதை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. குடம் நிரம்பியிருக்கிறது என்றுதான் வோல்ற் சொல்லும், குடம் பெரிதா சிறிதா என்று சொல்லாது. அந்த லைற் 0.6 அம்பியர் இழுக்கிறது என்று அளந்து தந்தார். அதை எரியவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி நாங்கள் இருந்தோம். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் மங்கி அணைந்தது. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1100. உறையில் எழுதியது உண்மையென்றால் பதினாறு மணித்தியாலம் எரிந்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மணிக்கூடு போதும். புதிதாக வாங்கிய அன்றே எரியவிட்டு, நேரத்தைக் கலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்தால் அதை மாற்ற வேண்டும்.

இப்படிச் சோதிப்பவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. இலத்திரனியல் சிகரட் பிடிப்பவர்களுக்காக அமெரிக்காவில் 'மூச்' என்ற புனைபெயருள்ள ஒருவர் பல வருடங்களாகப் பற்றரிகளை வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறார். அந்தக் கருவிகள் சில ஒரே பற்றரியிலிருந்து பத்து, இருபது அம்பியர் இழுக்கும். உறையில் போட்ட அம்பியரை நம்பிப் பாவித்தால் கையிலேயே வெடிக்கலாம். 2018 இல் புளோரிடாவில் இலத்திரனியல் சிகரட் வெடித்து ஒருவர் இறந்தார். காற்சட்டைப் பையில் திறப்போடும் சில்லறையோடும் உதிரிப் பற்றரியைப் போட்டுத் தொடை வெந்தவர்கள் பலர். ஏனென்றால் பற்றரியின் உடம்பு முழுவதும் எதிர்முனை, மேலே உள்ள குமிழ்தான் நேர்முனை. நடுவில் காப்பது மெல்லிய உறை மட்டுமே. எங்கள் பிள்ளைகளிடம் 'வேப்' இருந்தால் புகையை மட்டும் யோசிக்காதீர்கள், அதற்குள் இருப்பதையும் யோசியுங்கள். கழற்றியதை ரோச்சுக்குப் போட்டுத் தருகிறேன் என்று மகன் சொன்னால், உறை கிழியாமல் இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

சார்ஜ் போடும் இடம்தான் எனக்கு அதிகம் பயம். தகரக் கொட்டிலில் இருந்த காலத்திலிருந்து எங்களில் பலர் கட்டில் ஓரத்தில், சேலைக் கொடிக்குக் கீழேதான் வயரைச் சொருகுகிறோம். சீமெந்துத் தரையில், துணி பாய் இல்லாத இடத்தில், விழித்திருக்கும்போது போடுங்கள். கைபேசிச் சார்ஜரின் வயரை வெட்டிப் பற்றரியில் நேராகத் தொடுக்கும் வேலை வேண்டாம். அது 5 வோல்ற், 4.2 க்கு மேல் ஏறினால் ஆபத்து. இளஞ்சூடு பரவாயில்லை. தொட முடியாமல் சுட்டால் சுவர் ஆளியை நிறுத்திப் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். புகையைச் சுவாசிக்க வேண்டாம். மின்சாரம் நின்ற பிறகு தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றலாம்.

பழுதானதைக் குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். இரு முனையிலும் ரேப் ஒட்டி, மண் நிரப்பிய பேணியில், வீட்டுக்கு வெளியே நனையாத இடத்தில் வையுங்கள்.

வாங்கிய கடைக்கு அக்கா தராசுத் துண்டோடு போனார். முதலாளி முதலில் சிரித்தாராம், பிறகு ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்தாராம். மற்றதுக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அக்கா போவார். மகன் இப்போதைக்கு அயலவரின் லைற்றோடு கடலுக்குப் போகிறார்.