காலையிலிருந்து நின்னுக்கிட்டே வேலை... கடை ஊழியர்களுக்கு ‘உட்காரும் உரிமை’ இருப்பது தெரியுமா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு இல்லை. “வாங்கக்கா, என்ன பார்க்கிறீங்க?” என்று கேட்டு உங்களுக்கு ஸ்டூலை இழுத்துப் போடுவார் விற்பனைப் பெண். நீங்கள் உட்கார்ந்து அரை மணி நேரம் சேலை பார்ப்பீர்கள். அவர் நின்றுகொண்டே இருப்பார். நீங்கள் கிளம்பிய பிறகும் உட்கார மாட்டார். ஏன்னா, உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத சட்டம்.

ஆனால் தமிழ்நாட்டில் எழுதிய சட்டம் இதற்கு நேர் எதிரானது. கடை ஊழியர்கள் உட்கார உரிமை உண்டு என்று 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் ஏன் நிலைமை பெரிதாக மாறவில்லை? விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 செப்டம்பர் 6-ம் தேதி, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரும் மசோதாவை சட்டப்பேரவையில் தாக்கல் செய்தார் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன். 1947-ம் ஆண்டின் அந்தப் பழைய சட்டத்தில் ‘22-ஏ’ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது.

அதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு கடையிலும், நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு இடையே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது. ஜவுளிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட், பாத்திரக்கடை என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும்தான்.

நின்றால் உடம்புக்கு என்ன ஆகும்?

காலில் இருந்து ரத்தம் மேலே இதயத்துக்குத் திரும்ப, கெண்டைக்கால் தசைகள்தான் பம்ப் மாதிரி வேலை செய்கின்றன. நடக்கும்போது அந்த பம்ப் ஓடும். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும். நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் ‘வெரிகோஸ் வெயின்’ பிரச்சினை வரலாம். பாத வீக்கம், முழங்கால் வலி, இடுப்பு வலி தனி.

இன்னொரு பிரச்சினை வெளியே பேசப்படுவதே இல்லை. கழிவறைக்கு அடிக்கடி போக முடியாது என்பதால் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மதுரை வெயிலில் இது சாதாரண விஷயம் இல்லை. சிறுநீர்த் தொற்று வரை கொண்டுபோய் விடும்.

கோழிக்கோட்டில் தொடங்கிய கதை

இந்த உரிமைக்கான குரல் பக்கத்து மாநிலத்தில்தான் பலமாக எழுந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைகளில் வேலை செய்த பெண்களை ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பாகத் திரட்டினார் விஜி பள்ளித்தொடி. அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிவறை. அதன் பிறகுதான் ‘உட்கார உரிமை’ கோரிக்கை பெரிதானது. 2018-ல் கேரள அரசு இதற்காகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிபிசி-யின் 100 பெண்கள் பட்டியலில் விஜியும் இடம்பிடித்தார். கேரளாவுக்கு அடுத்து இந்த உரிமையைக் கொடுத்தது தமிழ்நாடு.

உலக அளவில் பார்த்தால் இது ரொம்பப் பழைய கோரிக்கை. கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை வீதம் இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1899-லேயே சட்டம் வந்துவிட்டது.

நம் ஊரிலும் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்றது. அதாவது, மில் தொழிலாளிக்கு 1948-ல் கிடைத்த உரிமை, அந்த மில் துணியை விற்கும் ஊழியருக்குக் கிடைக்க 73 வருஷம் ஆகியிருக்கிறது.

அப்புறம் ஏன் இன்னும் நிக்கிறாங்க?

முதல் காரணம், சட்டத்தின் வார்த்தைகளிலேயே இருக்கிறது. ‘வாய்ப்பு கிடைக்கும்போது’ உட்காரலாம் என்கிறது சட்டம். வாய்ப்பு கிடைத்ததா இல்லையா என்று முடிவு செய்வது யார்? மேற்பார்வையாளர்தான். தளத்தில் ஆளே இல்லாத மத்தியான நேரத்திலும் “துணியை மடிச்சு வை” என்றால் வாய்ப்பு போச்சு. எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை என்ற கணக்கும் அந்தப் பிரிவில் இல்லை. 1899 பிரிட்டன் சட்டத்தில் அது இருந்தது.

இரண்டாவது, இடம். மாசி வீதிகளில் ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை அதிகம். நாற்காலி போடும் இடத்தில் இன்னொரு ரேக் வைக்கலாம் என்றுதான் முதலாளி கணக்குப் போடுவார்.

மூன்றாவது, பயம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, திருப்புவனம் பக்கமிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர்களுக்கு இந்தச் சம்பளம்தான் வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, குழுக் கடன் தவணை. சிசிடிவி கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது, காலி நாற்காலி பக்கத்திலேயே இருந்தாலும் உட்காரத் துணிச்சல் வராது.

நான்காவது, நாம்தான். ஊழியர் உட்கார்ந்திருந்தால் “மரியாதை இல்லாம உட்கார்ந்திருக்காங்க” என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். மெத்தை விரித்து, கடைக்காரரும் உட்கார்ந்து, நம்மையும் உட்கார வைத்துத்தான் துணி காட்டுவார்கள். அதில் யாருக்கும் மரியாதை குறையவில்லை. கவுன்ட்டரும் ரேக்கும் வந்த பிறகுதான் ஒரு பக்கம் உட்கார்ந்தது, இன்னொரு பக்கம் எழுந்து நின்றது.

சென்னை ரங்கநாதன் தெரு ஊழியர்களின் வாழ்க்கையை வைத்து 2010-ல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது ஊரே பேசியது. சட்டம் வர அதற்குப் பிறகும் 11 வருஷம் ஆனது.

நாற்காலி மட்டும் போதுமா?

போதாது. வீட்டில் இருந்தால் கேட்காமலே கிடைக்கும் விஷயங்கள் நான்கு: உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், கழிவறை, சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் காலை நீட்டும் ஓய்வு. விடியற்காலையில் சமைத்து டப்பாவில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை, ஸ்டாக் ரூம் மூட்டைகளுக்கு நடுவில் அவசரமாகச் சாப்பிடுவது ஓய்வு ஆகாது.

இதற்கும் சட்டம் இருக்கிறது. 1947 சட்டப்படி, கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், நடுவில் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும்.

கடையே இல்லாதவங்களுக்கு?

உணவு டெலிவரி ஊழியர்களுக்கு உட்காரச் சொல்ல மேனேஜரும் இல்லை, கடையும் இல்லை. பைக் சீட்தான் நாற்காலி, வேப்பமர நிழல்தான் ஓய்வறை. இவர்களுக்காக 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் ஏசி ஓய்வறை திறந்தது. உட்கார இருக்கை, செல்போன் சார்ஜ் வசதி, கழிவறை எல்லாம் அதில் உண்டு. பெரியார் பேருந்து நிலையம், மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம் போன்ற இடங்களிலும் இந்தத் தேவை அதே அளவு இருக்கிறது.

என்ன செய்யலாம்?

ஊழியர்கள்: இருக்கை, ஓய்வு நேரம் மறுக்கப்பட்டால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் தரலாம். தனியாகப் போகத் தயங்கினால் தொழிற்சங்கம் மூலமாகப் போகலாம்.

அரசு: எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை என்பதை விதியில் தெளிவாகச் சொன்னால், ஆய்வுக்கு வரும் அதிகாரி எண்ணிப் பார்த்துவிடலாம். ‘வாய்ப்பு கிடைத்ததா?’ என்ற விவாதத்துக்கே இடமிருக்காது.

வாடிக்கையாளர்கள்: அடுத்த முறை தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, “நீங்களும் உட்காருங்கம்மா, பொறுமையாப் பார்த்துக்கலாம்” என்று மேற்பார்வையாளர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் பக்கத்தில் உட்கார ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.