வீட்டுச் சாவியோடு பள்ளி இடமும்
மறுகுடியமர்வுப் பகுதிப் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும், பெருநகர சென்னை மாநகராட்சிக்கும், செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்துக்கும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் நாங்கள் முன்வைக்கும் சாசனம் இது.

நாங்கள் யார்

கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் பிள்ளை வளர்ப்பவர்கள் நாங்கள். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் கடற்கரைக் குப்பங்களிலும் இருந்த எங்கள் குடும்பங்களை 2000-ஆம் ஆண்டு தொடங்கி அரசு இங்கே கொண்டுவந்து அமர்த்தியது. வீட்டு வேலை, கட்டட வேலை, துப்புரவு வேலை, ஐடி கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் என்று இந்த நகரம் நடப்பதற்கான வேலைகளைச் செய்கிறோம். எங்கள் உழைப்பைக் கணக்கில் எடுக்கும் நகரம் எங்கள் பிள்ளைகளின் படிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தச் சாசனம் கேட்பது அதைத்தான்.

இங்கே பள்ளியே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளிகள் இருக்கின்றன, நெரிசலுக்கு நடுவே கற்றுக்கொடுக்கும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் எத்தனை பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று முன்கூட்டி எண்ணி, அதற்கேற்ப வகுப்பறையும் ஆசிரியரும் பணமும் ஒதுக்கும் வழக்கம் இல்லை. முதலில் வீடு, பிறகு ஆட்கள், அவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு பள்ளி. இந்த வரிசை மாற வேண்டும்.

போடப்படாத கணக்கு

பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எட்டு மாடி அடுக்ககங்களாகக் கட்டப்பட்டன. கண்ணகி நகரையும் எழில் நகரையும் சேர்த்தால் 23,000-க்கும் மேல். செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேல்.

பெரும்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 80,000 பேர். ஒன்றிய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டியின்படி, 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளியும், 7,500 பேருக்கு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஒரு பள்ளியும் வேண்டும். அப்படியானால் 16 தொடக்கப் பள்ளிகள், 10-க்கும் மேற்பட்ட மேல்நிலைப் பள்ளிகள். வீட்டுக்கு ஒரே ஒரு பள்ளிப் பிள்ளை என்று குறைத்து வைத்தாலும் 20,000 பிள்ளைகள். வகுப்புக்கு 40 பேரை உட்கார வைத்தால்கூட 500 வகுப்பறைகள். 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்ற விதிப்படி பார்த்தால் குறைந்தது 100 அங்கன்வாடி மையங்கள்.

அடுக்ககத்தின் வரைபடத்தில் லிஃப்ட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடம் குறித்த அன்றே இந்தக் கணக்கையும் போட்டிருக்க முடியும். ஒரு மாலைப் பொழுது போதும்.

கணக்குப் போடாததன் விலை

அந்த விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள். பழைய பள்ளியை விட மனமில்லாத பிள்ளை, பத்தாம் வகுப்பை அங்கேயே முடிக்கட்டும் என்று விடியுமுன் கிளம்புகிறது. பெரும்பாக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். கட்டணமில்லாப் பஸ் பாஸ் இருக்கிறது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. மாலையில் திரும்பி வந்து பையைக் கீழே வைக்கும்போது இருட்டிவிடுகிறது. அந்த இருட்டுக்குப் பயந்தே எட்டாவதோடு நின்றுபோன பெண் பிள்ளைகள் எங்கள் மாடிகளில் இருக்கிறார்கள்.

இங்கேயே சேர்க்கலாம் என்று முடிவெடுக்கும் தாய்க்கு வேறு பாடு. பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கொடுக்க வேண்டும், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும், அதன் பிறகுதான் புதிய பள்ளி அந்தப் பெயரை எடுத்துக்கொள்ள முடியும். பழைய வீட்டை இடித்த அன்று ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் மூட்டைக்குள் எங்கோ போயிருக்கும். ஒரு நாள் கூலியை விட்டுப் பழைய பள்ளிக்குப் போனால், "நாளைக்கு வாங்கம்மா" என்பார்கள். புதிய பள்ளிக்கு வந்தால், "இன்னும் பேரு வரலையேம்மா" என்பார்கள். இப்படி இரண்டு மூன்று முறை அலைந்த பிறகு, அந்தப் பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

இடம்பெயர்க்கும் நேரமும் கொடுமையானது. 2019 டிசம்பர் இறுதியில் கூவக்கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது பொதுத் தேர்வுக்கு மூன்று மாதங்கள்கூட முழுதாக இல்லை. 2022-இல் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது பொதுத் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தன.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பள்ளி இல்லாத பகுதிகளில் மூன்று ஆண்டுக்குள் அரசும் உள்ளாட்சியும் பள்ளி அமைக்க வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. அந்தக் கெடு 2013 மார்ச்சோடு முடிந்தது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் உள்ளாட்சி வைத்திருக்க வேண்டும், இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 9-ஆம் பிரிவு கடமை விதிக்கிறது. டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்பது 5-ஆம் பிரிவு. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விதிகள்.

ஆனாலும் கடமை யாருடையது என்று கேட்டால் ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டுகிறது. வீட்டைக் கட்டுவது வாரியம். ஆசிரியரை நியமிப்பது பள்ளிக் கல்வித் துறை. வரி வசூலிப்பது உள்ளாட்சி. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளைக் குடியமர்த்திய பெரும்பாக்கம் குடியிருப்போ ஊராட்சி எல்லைக்குள் கட்டப்பட்டது. அரசமைப்பில் ஊராட்சிகளுக்கான பதினோராவது அட்டவணையில் தொடக்கக் கல்வியும் இடைநிலைக் கல்வியும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையிலோ பண்பாட்டோடு சேர்த்துக் கல்வியை வளர்ப்பது என்ற பொதுவான வரி மட்டுமே உண்டு. எல்லைக் கோடுகளுக்கு நடுவே விழுந்த பிள்ளைகளை யாரும் தம் கணக்கில் ஏற்கவில்லை.

சென்னை மாநகராட்சிக்கு இது தெரியாத வேலை இல்லை. தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த 1920-இல், பசியால் பிள்ளைகள் வராமல் போகிறார்கள் என்று கண்டு ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது இதே மாநகராட்சி. தன் எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகளை அறிந்து, அவர்கள் தேவைக்குத் தன் நிதியை எடுத்த அந்த மரபையே நாங்கள் நினைவூட்டுகிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. வீடு ஒதுக்கும் ஆணையிலேயே பள்ளி இடமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்பது வீட்டு எண்ணோடு சேர்த்து எழுதப்பட வேண்டும். பள்ளி இடம் உறுதியாகாத எந்தக் குடும்பத்தையும் இடம்பெயர்க்கக் கூடாது.

2. கல்வியாண்டின் நடுவே இடம்பெயர்த்தல் கூடாது. தவிர்க்கவே முடியாது என்றால் இடமாற்றம் மே மாதத்தில் மட்டும் நடக்கட்டும். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டுக்குத் தேர்வு முடியும் வரை முழு விலக்கு வேண்டும்.

3. ஆண்டுதோறும் பள்ளி இட அறிக்கை வெளியிட வேண்டும். ஒவ்வொரு வார்டுக்கும் ஊராட்சிக்கும் எத்தனை பிள்ளைகள், எந்த வயதில், எத்தனை வகுப்பறைகள், எத்தனை பணியிடங்கள், எத்தனை காலியிடங்கள், அடுத்த ஐந்தாண்டில் எத்தனை பேர் கூடுவார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். தமிழில் எழுதி, பள்ளி வாசலிலும் வார்டு அலுவலகத்திலும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒட்ட வேண்டும்.

4. ஆசிரியர் பணியிடம் வரும் பிள்ளைகளைப் பார்த்து நிர்ணயிக்கப்பட வேண்டும். இப்போது ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. செப்டம்பரில் 300 பிள்ளைகள் புதிதாக வந்தால், அவர்களுக்கான ஆசிரியர் அடுத்த ஆண்டுதான் கணக்கில் வருவார். மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு ஜனவரியில் இரண்டாவது நிர்ணயம் செய்ய வேண்டும். புதிய குடியமர்வு நடக்கும் மாதத்திலேயே தற்காலிகப் பணியிடம் வழங்க வேண்டும்.

5. கல்வி வரிக்குத் தனிக் கணக்குக் காட்ட வேண்டும். உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கும் அதிகாரம் 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டத்தோடு வந்தது. சொத்து வரியோடு இன்றும் அது வசூலாகிறது. எங்கள் குடியிருப்புகளை ஒட்டிய ராஜீவ் காந்தி சாலையில் வரிசையாக நிற்கும் ஐடி கட்டடங்களின் சொத்து வரியிலும் அது சேர்ந்திருக்கிறது. மண்டலவாரியாக எவ்வளவு வசூலானது, எந்தப் பள்ளியில் எதற்குச் செலவானது, எவ்வளவு மீதம் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நெரிசல் மிகுந்த பள்ளிகளுக்கு அதில் முதல் உரிமை வேண்டும்.

6. கட்டுமானச் செலவிலேயே பள்ளிச் செலவும் அடங்க வேண்டும். குடியிருப்புத் திட்ட மதிப்பீட்டில் பள்ளி, அங்கன்வாடி, விளையாட்டுத் திடல் ஆகியவற்றுக்கான நிலமும் தொகையும் சேர்க்கப்பட வேண்டும். முதல் அடுக்ககத்துக்கு முன்பே பள்ளிக் கட்டடம் திறக்கப்பட வேண்டும். பள்ளிக்கு ஒதுக்கிய நிலத்தை வேறு எதற்கும் மாற்றக் கூடாது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு முன்னுரிமை வேண்டும்.

7. அரசுகளின் சண்டையில் பிள்ளைகளின் பணம் சிக்கக் கூடாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. சிறப்புப் பயிற்சி மையங்களும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான உதவிகளும் இந்தத் திட்டத்தின் கீழ்தான் நடக்கின்றன. சட்டம் தந்த உரிமைக்கான பணத்தில் வேறு நிபந்தனை வைக்கக் கூடாது என்று ஒன்றிய அரசிடம் கோருகிறோம். அந்தப் பணம் வரும் வரை எந்தப் பணியும் நிற்காதபடி மாநில நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று மாநில அரசிடம் கோருகிறோம்.

8. சேர்க்கைக்கு அலையவிடக் கூடாது. புதிய குடியமர்வு நடக்கும் இடத்திலேயே இரண்டு வாரம் சேர்க்கை முகாம் நடத்த வேண்டும். டி.சி., எமிஸ் மாற்றம், சாதிச் சான்று, ஆதார் முகவரித் திருத்தம் அனைத்தும் ஒரே பந்தலில் முடிய வேண்டும். பெயர் மாற்றத்தைத் துறையே செய்ய வேண்டும். பிள்ளை முதல் நாளே வகுப்பில் உட்கார வேண்டும்.

9. பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வழி வேண்டும். மேல்நிலை வகுப்புகளில் அறிவியல், வணிகவியல், தொழிற்கல்விப் பிரிவுகள் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் வேண்டும். பழைய பள்ளியில் தொடர்பவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் தனிப் பேருந்து வேண்டும்.

10. தனியார் பள்ளி ஒதுக்கீட்டை மாற்றாகக் காட்டக் கூடாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடங்களைக் கழித்துக்கொண்டு அரசுப் பள்ளி இடங்களைத் திட்டமிடக் கூடாது. பள்ளி இட அறிக்கை பொதுப் பள்ளிகளின் இடத்தை மட்டுமே எண்ண வேண்டும்.

11. ஒரே மேசையில் உட்கார வேண்டும். வாரியம், பள்ளிக் கல்வித் துறை, உள்ளாட்சி, போக்குவரத்துக் கழகம், பள்ளி மேலாண்மைக் குழுக்களின் பெற்றோர் பிரதிநிதிகள் அடங்கிய நிலையான குழு ஒன்று வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடியிருப்புக்குள்ளேயே அது கூட வேண்டும்; நடவடிக்கைக் குறிப்பு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். 2027 முதல் 2046 வரையிலான சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டத்தில் பள்ளி இடத் திட்டமிடல் தனி அத்தியாயமாக இடம்பெற வேண்டும்.

எங்கள் பொறுப்பு

அரசிடம் கேட்பதோடு நிற்க மாட்டோம். ஒவ்வொரு அடுக்ககத்திலும் படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியலை நாங்களே எடுத்துத் தருவோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூலியை விட்டாவது வருவோம். அந்தக் குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கை சரியாக ஏறுகிறதா என்று பார்ப்போம். நின்றுபோன பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும் வேலையில் ஆசிரியர்களோடு வீடு வீடாக நடப்போம்.

முதல் பள்ளி இட அறிக்கையை வரும் ஏப்ரலில் வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். கல்வி வரிக் கணக்கு அதே மாதம் வர வேண்டும். ஜனவரிப் பணியிட நிர்ணயத்தை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும். இவை நடக்கும் வரை, ஊராட்சி எல்லைக்குள் வாழ்பவர்கள் ஒவ்வொரு கிராம சபையிலும், மாநகராட்சி எல்லைக்குள் வாழ்பவர்கள் ஒவ்வொரு பகுதி சபையிலும் இந்தச் சாசனத்தைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். எங்கள் வாக்கைக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இதைக் கொடுத்து, எந்தக் கோரிக்கையை எந்த ஆண்டுக்குள் நிறைவேற்றுவீர்கள் என்று எழுத்தில் கேட்போம்.

இப்படிக்கு,
கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளின் பெற்றோர்