கன்று தானாக அலையவில்லை

சென்ற மாதம் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். சம்பளம், வீட்டுக் கூரை என்றுதான் பேச்சு வரும் என்று நினைத்துப் போனோம். போனால், லயத்துக் கடைசி வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். ஈன்று நாலு நாளான கன்றைக் காணோமாம். பசு முதல்நாள் மத்தியானத்திலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறது. மடி கல்லாய்க் கட்டிவிட்டது. கூட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் தேடினோம். கிடைத்தது, கன்று நட்ட புதுக்காட்டு ஓரத்தில், அலூர்த் தண்ணீருக்குள்.

ஆபீசில் போய்க் கேட்டோம். "கன்னுக்குட்டிய அலைய விடாதீங்கன்னு எத்தனை தடவ நோட்டீஸ் ஒட்டியாச்சு" என்றார் கிராணியார்.

அலைந்ததா அது? மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஈனப் போகிற பசு கூட்டத்தை விட்டு ஒதுங்கும். ஈன்றதும் கன்றை நக்கிக் காயவைத்து, பால் கொடுத்து, புதரிலோ ஓலைக் குவியலிலோ படுக்க விட்டுவிட்டு மேயப் போகும். கன்றும் மூச்சுக் காட்டாமல் கிடக்கும். தாய் திரும்பி வந்து குரல் கொடுத்தால்தான் எழுந்திருக்கும். முதல் சில நாளைக்கு இதுதான் அதன் சுபாவம். இந்தக் கன்றையும் தாய் ஓலைக் குவியலில்தான் விட்டுப் போயிருக்கிறது. காவல்காரர் பார்த்து விரட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். அவருக்கு இட்ட உத்தரவு அது. நாலு நாள் கன்றுக்கு ஓடத் தெரியும், திரும்பி வரும் வழி தெரியாது.

நிர்வாகம் புதுக்காட்டைக் காப்பாற்றுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. இளஞ்செம்பனை ஓலையை மாடு கடித்தால் நஷ்டம்தான். அவர்களுக்கும் அது கன்று, நமக்கும் இது கன்று. ஆனால் ஒரு கேள்வி. வளர்ந்த செம்பனைக்குள் மாடு மேய்த்தால் களைச் செலவு குறையும் என்று அரசாங்கமே இத்தனை காலம் ஊக்கம் கொடுத்து வந்திருக்கிறது. இடம் மாற்றி மாற்றிக் கட்டும் மின்வேலி போட்டு, சொந்த மந்தையை மேய்க்கும் கம்பெனிகளும் உண்டு. கம்பெனி மாடு மேய்ந்தால் திட்டம், தொழிலாளி மாடு மேய்ந்தால் அத்துமீறலா?

நாம் கேட்பது பெரிய செலவும் அல்ல. புதுக்காட்டு வேலிக்குக் கீழே இன்னும் ஒரு கம்பி இழுங்கள். கன்று நுழைவது அந்தச் சந்தில்தான். கடலோரத் தோட்டங்களில் பார்த்த இடமெல்லாம் அலூர். மாடு கடக்கும் இடத்தில் பலகை போடுங்கள். எந்த நிரையில் மருந்தடிக்கப் போகிறீர்கள் என்று முதல்நாளே பெரட்டில் சொல்லுங்கள். பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி முதல் தடை வந்துவிட்டது என்பதற்காக மற்ற மருந்தெல்லாம் மாட்டுக்குத் தீனி ஆகிவிடாது.

நம் பக்கமும் பேசித்தான் ஆகவேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முன்பெல்லாம் லயத்துக்கு ஒரு தாத்தா மாடு மேய்ப்பார். இப்போது பெரியவர்கள் பிள்ளைகளோடு பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். நாமும் விடிகாலையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். ஈன்று மூன்று நாள்கூட ஆகாத பசுவையும் கன்றையும் அப்படியே விடலாமா? கொட்டாய் ஓரம் நாலு கம்பு நட்டு, ஓலை வேய்ந்து, கன்றை இரண்டு மூன்று வாரம் அங்கே வையுங்கள். பசுவும் தூரம் போகாது, மத்தியானம் தானே வந்து நிற்கும். மாடு உள்ள வீடுகள் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டால் மேய்க்க ஓர் ஆள் வைக்கலாம்.

இன்னொன்று, சீம்பால். நமக்கும் பிடித்த பண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாட்டின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும் கன்றுக்குப் போவதில்லை. சீம்பால் வழியாகத்தான் போகவேண்டும். அதையும் கன்றின் குடல் ஏற்றுக்கொள்வது முதல் ஒரு நாள் அளவுக்குத்தான். முதல் சில மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடித்த கன்றுதான் தேறும். அது குடிக்கட்டும். மிச்சம் இருந்தால் நாம் கிண்டிக்கொள்ளலாம்.

கன்று போனால் கன்று மட்டும் போவதில்லை. நம் தோட்டங்களில் இருப்பது முன்னோர் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாட்டு வழி. கன்று முட்டிச் சப்பினால்தான் பெரும்பாலும் பால் இறங்கும். பால் நின்றால், பள்ளி பஸ் காசுக்கும் மளிகைக் கடை பாக்கிக்கும் அந்த வீடு எங்கே போகும்?

அந்த அம்மாளின் பசு பால் இறக்கவே இல்லை. கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னால் வைக்கலாம் என்றார் ஒரு பெரியவர். அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டாய்க்குப் பின்னாலேயே புதைத்துவிட்டார்கள். வேலிக் கம்பிக்கும் அலூர்ப் பலகைக்கும் தோட்டக் கமிட்டியார் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இந்த வாரம் துரையைப் பார்க்கப் போகிறோம்.