தலைக்கு ஊற்று மருமகனே

பெரியபட்டினத்துச் சீனப் பீங்கான் ஓடுகளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியெடுத்தவை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அந்தத் துறையில் சீனச் சரக்கு இறங்கியதற்குச் சாட்சி. அதற்காக இப்னு பதூதாவின் பயணநூலை மறுபடி எடுத்தேன். அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குள்ள பிரியம் இந்தப் பத்தியைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும்.

மதுரை சுல்தான்கள் காலத்தில், 1344 வாக்கில், ‘பத்தன்’ என்ற துறைக்கு அவர் வந்தார். அது பெரியபட்டினம்தான் என்பது நொபொரு கராஷிமா போன்ற அறிஞர்களின் கருத்து. கல்லால் கட்டிய பள்ளிவாசல், திராட்சை, மாதுளை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நைசாப்பூர் முகம்மது என்ற பெரியவரிடம் நின்றுவிடுகிறார். முடியைத் தோளில் புரளவிட்ட பக்கீர். அவர் பழக்கிய சிங்கம் மற்ற பக்கீர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாம். அவரோடு இருந்த முப்பது பக்கீர்களில் ஒருவரிடம் மான் இருந்தது. சிங்கம் அதைத் தொடவில்லையாம்.

தோளில் புரண்ட அந்த முடியைப் படித்ததும் ஓடுகளை அங்கேயே விட்டேன். அதே பெரியபட்டினத்தில் என் அக்கா மகன் ட்ரெட்லாக்ஸ் என்று முடியைத் திரி திரியாகச் சடை விழ விட்டிருக்கிறான். போனில், “மாமா, தலை அரிப்பு தாங்கல” என்றான்.

“தலைக்கு எப்ப ஊத்துன?”

“சடை இறுகுறவரைக்கும் தண்ணி படக்கூடாதுன்னாங்க.”

சொன்னவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு முடியை வழுக்க வைக்கும். அலசிக் காய்ந்த முடிதான் ஒன்றையொன்று பற்றிச் சிக்கும். வாரம் ஒரு முறையாவது ஊற்றியே தீர வேண்டும். கண்டிஷனர், மெழுகு இரண்டும் ஆகாது. மெழுகு உள்ளே போனால் அழுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து மண்டையில் விட்டு விரல் நுனியால் தேய்த்தால் போதும், வழிகிற நுரையே சடைகளைக் கழுவிவிடும். கசக்கினால் புதுச்சடை அவிழ்ந்துபோகும். சீயக்காய் என்றால் ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் மட்டும். தூள் உள்ளே தங்கினால் வெளியே வராது. அந்தக் கரையில் பல கிணறுகள் உப்பு. கட்டிச் சோப்பு அதில் நுரைக்காமல் திரிந்து முடியில் அப்பிக்கொள்ளும். கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்கி வைக்க வேண்டும், கடலில் குளித்து வந்த நாளிலும்.

கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை. சடையின் நடுவில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், வாடை போகாது. ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றிப் பிழிந்து காற்றாட விட வேண்டும். சாம்பிராணிப் புகை மணக்கும், உள் ஈரத்தை எடுக்காது. காய்ந்தபின் அடியில் ஒட்டிக்கொள்ளும் சடைகளை விரலால் பிரித்துவிட வேண்டும்.

“அந்தப் பக்கீர்மாரெல்லாம் ஊத்தியிருப்பாங்களா மாமா?” என்றான். கடமையான குளிப்பில் முடியின் அடிவரை தண்ணீர் சேர வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். பின்னலை அவிழ்க்காமல் குளிக்கப் பெண்களுக்கு உள்ள சலுகையிலும் வேர் நனைந்தாக வேண்டும். கல் பள்ளிவாசல் நின்ற ஊரில் தலை நனைக்காத பக்கீரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அக்காவுக்கும் ஒரு சொல்: வெட்டச் சொல்லி அவனோடு மல்லுக்கு நிற்காதே, தண்ணீர் எடுத்துக் கொடு. வியாழன் இரவு வேண்டாம், ஈரத்தோடு படுத்துவிடுவான். வெள்ளி காலை வெயில் ஏறும்போதே ஊற்றட்டும். ஜும்ஆவுக்குள் மேல் ஈரம் போகும், மீதி அசருக்குள் காய்ந்துவிடும்.