ரன் என்றால் ஓடு... அவ்வளவுதானா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. 'ரன்' என்கிற ஆங்கில வினைச்சொல்லைப் பத்தி. "இதுல எழுத என்னடா இருக்கு, ரன்னா ஓடு" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவே.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அந்த அட்டவணை ஞாபகம் இருக்கும். கோ, வென்ட், கான். ரன், ரேன், ரன். பக்கத்தில் தமிழில் ஒரே ஒரு சொல்: ஓடு. தப்பாச் சொன்னா நூறு தடவை இம்போசிஷன். நான் எழுதியிருக்கேன். அதனால இந்த ஜென்மத்துக்கு மறக்காது.

அப்புறம் கல்லூரி. முதல் வருஷம், ஆங்கிலப் பேச்சு வகுப்பு. ஒவ்வொருத்தரா எழுந்து தன்னைப் பத்திச் சொல்லணும். எங்க அப்பா டீக்கடை நடத்துறார். 'நடத்து' என்பதற்கு நான் படிச்ச சொல் 'கண்டக்ட்'. தேர்வு நடத்தினால் கண்டக்ட், கூட்டம் நடத்தினால் கண்டக்ட். அப்போ கடை நடத்தினால்? நம்பி எழுந்து நின்னு, "மை ஃபாதர் இஸ் கண்டக்டிங் எ டீ ஷாப்" என்றேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எந்த ரூட்டு மச்சி?"

வகுப்பே சிரிச்சுது. இப்ப நினைச்சா எனக்கும் சிரிப்புதான் வருது, நல்ல டைமிங் :-) ஆனா அன்னைக்கு உட்கார்ந்தவன் அந்த செமஸ்டர் முழுக்க அந்த வகுப்பில் வாயைத் திறக்கலை. மேடம், "ரன்ஸ் எ டீ ஷாப்னு சொல்லணும்" என்று ஒரு வரியில் திருத்திவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டுட்டாங்க. கடை எப்படி ஓடும் என்று எனக்குப் புரியவே இல்லை.

கொடுமை என்னன்னா, எனக்கு அது ஏற்கெனவே தெரியும். வாரா வாரம் போனில் அப்பாகிட்ட நான் கேட்கிற முதல் கேள்வியே, "கடை எப்படிப்பா ஓடுது?" அவர் பதில்: "ஏதோ ஓடுதுடா."

யோசிச்சுப் பாருங்க. தமிழில் என்னதான் ஓடலை? படம் நூறு நாள் ஓடுது. கடிகாரம் ஓடுது. மோட்டார் ஓடுது. பஸ் ஓடுது. ஆறு ஓடுது, ஓடை என்ற பேரே அதிலிருந்துதான். ரத்தம் ஓடுது. பொழுது ஓடுது. ரிசல்ட் வர்ற அன்னைக்கு மட்டும் கையும் ஓடலை, காலும் ஓடலை. நண்பனைக் கலாய்ச்சா அதுக்குப் பேரு 'ஓட்டுறது'. இதில் ஏறக்குறைய பாதியை ஆங்கிலக்காரனும் 'ரன்' என்றுதான் சொல்றான். படம், மோட்டார், பஸ், ஆறு எல்லாத்துக்கும்.

அவங்க ஊரில் இந்தச் சொல் படுத்தின பாடு தனிக்கதை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிக இடத்தைப் பிடிச்ச வினைச்சொல் 'செட்', சுமார் 430 அர்த்தம். பிறகு நடந்த திருத்தப் பணியில் அதை முந்தி 2011-ல் முதலிடத்துக்கு வந்தது நம்ம 'ரன்'. 645 அர்த்தம்! அதைத் தொகுத்த பீட்டர் கில்லிவருக்கு இந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாசம் ஆச்சாம். நமக்கு அட்டவணையில் ஒரு கட்டம்.

சரி, எல்லா இடத்திலும் 'ஓடு' போட்டாச் சரியாயிடுமா? ஆகாது. சுவாரசியமே அங்கதான். சளி பிடிச்சா அவனுக்கு மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். அவன் காய்ச்சலையும் ஓட்டுவான், நமக்கு அடிக்கும். வீட்டில் பால் தீர்ந்துபோனாலும் அவனுக்கு ஓட்டம்தான். கடையை அவன் ஓட வைக்கிறான், நாம 'நட'த்துறோம். இன்னொண்ணு, தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் 'ஓடுவார்', பிரிட்டனில் 'நிற்பார்'. நம்ம ஊரிலும் நிற்கத்தான் செய்றாங்க. ஜெயிச்ச பிறகு தொகுதிப் பக்கம் வராம ஓடுறது வேற கணக்கு.

இதோட 'ரன்னிங் பஸ்ல ஏறாதே', லேப்பில் 'புரோகிராமை ரன் பண்ணு' என்று நாமே தமிழாக்கிட்ட ரன்கள் தனி.

என் கருத்து இதுதான். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று எழுதிப்போடும் அந்த அட்டவணையைத் தூக்கிப் போடணும். காலம் காட்டுற மூணு கட்டம் இருக்கட்டும், நாலாவது கட்டம் வேண்டாம். அதுக்குப் பதிலா பத்து வாக்கியம் கொடுங்க. பசங்ககிட்டயே கேளுங்க, "உங்க வீட்டுல என்னென்னடா ஓடும்?" என்று. ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எது ஆங்கிலத்திலும் ஓடும், எது ஓடாது என்று பிரிச்சுக் காட்டினாப் போதும், ஒரே பீரியட்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினா ஃபைன் போடுகிற பள்ளிகளுக்கு இது பிடிக்காது. தமிழைத் தள்ளிவெச்சாத்தான் ஆங்கிலம் வரும் என்று நம்புறாங்க. எனக்கு வராமப் போனதுக்குக் காரணம் தமிழ் இல்லை, தமிழில் எனக்குத் தெரிஞ்சதை யாருமே கேட்காததுதான்.

அந்த 'எந்த ரூட்டு' பார்ட்டி இப்போ என் ரூம்மேட். போன லீவுக்கு எங்க ஊருக்கு வந்து, அப்பா கடையில் நாலு டீ குடிச்சான். காசு கொடுக்கலை.